‘வரேன்’ என்றொரு ராஜினாமா

கல்லூரி நடத்துகிறவர்கள் எங்கள் அலுவலகத்தின் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கி முடித்ததும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நாங்க எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி, சார்." அதைக் கேட்டதும் நான் பேனாவைத் திறந்துவிடுவேன். குடும்பம் என்று சொன்னால் யாரையோ வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று பொருள். தொழிற்சாலைக்காரர்கள் இப்படிப் பேசுவதில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஆணி செய்கிற ஒருவர் வந்தால், "ஒருத்தன நிறுத்திட்டேன், கேஸ் போட்டுட்டான், என்ன செய்யலாம்?" என்று நேராகக் கேட்பார். ஆணி செய்கிறவருக்குத் தான் ஆணி செய்கிறோம் என்று தெரியும். கல்வி தருகிறவர்களுக்குத்தான் தாங்கள் வேலையும் தருகிறோம் என்பது அடிக்கடி மறந்துபோகும்.

எங்கள் வழக்கறிஞர் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே இருக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் என்னை ஆலோசகர் என்று வைத்திருக்கிறார்கள். ஆலோசகர் என்றால் கதவில் பெயர் இருக்கும், ஏர்கோன் ரிமோட் மட்டும் கையில் இருக்காது. என் அறையில் குளிர் அதிகம் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. வரவேற்பறையில் ஆறு நாற்காலிகள், இரண்டு ஆடும். ஆடாத நான்கில் வருகிற கட்சிக்காரர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் எதிராக ஆசிரியர்கள் போடும் வேலை வழக்குகளில், பள்ளி கல்லூரி பக்கம் நின்று வாதாடுவதே என் வேலை. பாவப்பட்டவர்கள் பக்கம் நிற்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அரசாங்கப் பட்டம் வாங்கிய டத்தோக்கள் பக்கமும் யாராவது நிற்க வேண்டுமல்லவா?

இந்தத் தொழிலில் பள்ளிக்கூடங்களுக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு. ஊழியரையும் மாணவராகத்தான் பார்ப்பார்கள். ஒரு தலைமையாசிரியர், தம்மிடம் வேலை பார்த்த ஆசிரியரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். அவர் எழுதிய பதிலில் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் பத்துக்கு நாலு என்று மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். "நாலுக்கு மேல போட மனசு வரல, சார்" என்றார். இவரைத்தான் நான் நீதிமன்றத்தில் காப்பாற்ற வேண்டும்.

ஒரு நாள் ஒரு டத்தோ கிள்ளானிலிருந்து வந்தார். மணல் லோரிகள் ஓட்டி முன்னேறி, பிறகு நாட்டு மக்களின் அறிவும் முன்னேறட்டும் என்று ஒரு கல்லூரி தொடங்கியவர். மூன்று மாடிக் கடைவீடு. கீழே டயர் கடை, மேலே கல்லூரி. விரிவுரையாளர் கணக்கியல் பாடத்தில் தேய்மானத்தை விளக்கும்போது கீழே டயர் கழற்றும் சத்தம் கேட்கும். அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. டத்தோவுடன் கல்லூரி முதல்வரும் வந்தார். ரயில்வே குடும்பத்து மெதடிஸ்ட் கிறிஸ்தவர், மெலிந்த மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. டத்தோ ஒரு டின் பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். ஆடாத நாற்காலிகளில் உட்கார்ந்ததும் குடும்பம் என்ற சொல் வந்தது. பேனாவைத் திறந்தேன்.

"ஒரு மேடம், சார். கணக்கியல் லெக்சரர். ரொம்ப வருஷமா இருக்காங்க. வேலய விட்டுட்டு இப்ப நாங்க தூக்கிட்டோம்னு கேஸ் போட்டிருக்காங்க," என்றார் டத்தோ.

"ராஜினாமா கடிதம் எங்க?"

"கடிதம் இல்ல. வாயால சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

டத்தோ முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தம் மூன்று பேனாவையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "'வரேன் சார்'னு சொன்னாங்க," என்றார்.

பிஸ்கட்டை எடுத்த கையை நான் கீழே வைத்துவிட்டேன்.

கதை இதுதான். டத்தோவின் மகன் வெளிநாட்டில் விளம்பரம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். கல்லூரிக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று ஆந்தையைத் தேர்ந்தெடுத்தார். அவர் படித்த ஊரில் ஆந்தை அறிவின் அடையாளமாம். பட்டமளிப்புத் தொப்பி வைத்த ஆந்தை. ஆள் உள்ளே புகுந்து நிற்கும்படி பஞ்சு அடைத்துத் தைத்த பெரிய உடை. மாணவர் சேர்க்கைக் காலத்தில் சனிக்கிழமை விடியற்காலை செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய், விரிவுரையாளர்களில் ஒருவர் ஆந்தைக்குள் நிற்க, மற்றவர்கள் துண்டறிக்கை கொடுக்க வேண்டும் என்பது திட்டம். மீனும் முள்ளங்கியும் வாங்க வருகிறவர்கள் அப்படியே ஒரு டிப்ளோமாவும் வாங்கிப் போவார்கள் என்பது மகனின் கணிப்பு. தமிழர் பாதிக்கு மேல் நடமாடுகிற இடத்தில், விடியற்காலையில், ஆந்தை முகத்தில் விழிக்க வைத்தால் என்ன ஆகும் என்பது அந்த விளம்பரப் படிப்பில் இல்லை போலும்.

அந்தச் சனிக்கிழமை ஆந்தை முறை அந்த மேடத்துக்கு வந்தது. அவருக்கோ அன்று பரீட்சைக்கு முந்தின மறுபயிற்சி வகுப்பு. வெள்ளிக்கிழமையே முதல்வர் அறைக்குப் போய் மறுத்தார்.

"நான் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தவ சார், ஆந்தையா நிக்க வரல," என்றாராம்.

"இது டத்தோ ஆர்டர், மேடம். இஷ்டம் இல்லேன்னா கிளம்புங்க."

"சரி. வரேன் சார்."

எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை வழக்கம்போல வந்து கதவில் அட்டையைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. காவலர், "மேடம், சிஸ்டம் இல்ல சொல்லுது," என்று ஒரு கடிதத்தை நீட்டினார். "உங்கள் வாய்மொழி ராஜினாமாவை வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறோம்" என்று அதில் இருந்தது. வருத்தம் என்ற சொல்லைப் போட்டது முதல்வராம். தாமாகவே சேர்த்தார் என்று டத்தோ குறைபட்டுக்கொண்டார்.

"டத்தோ, நம்ம ஆளுங்க கிளம்புறப்ப எல்லாருமே வரேன்னுதான் சொல்லுவாங்க," என்றேன்.

"அதத்தான் சார் நானும் சொல்றேன். கிளம்புறப்ப சொல்றது. அப்ப கிளம்பிட்டாங்கதானே?"

"கடைக்குப் போறவனும் அதத்தான் சொல்லுவான்."

"லாயர் நீங்க யார் பக்கம்?"

நியாயமான கேள்வி. திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும் என்றேன். "எடுத்துக்கிட்டா மத்தவங்க என்னை மதிப்பாங்களா?" என்றார். டத்தோவை மற்றவர்கள் இப்போது எவ்வளவு மதிக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் வசதி என்னிடம் இல்லை. வழக்கை எடுத்துக்கொண்டோம். எனக்கும் ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருக்க ஒரு காரணம் வேண்டுமே.

வழக்கு நீதிமன்றம் போவதற்கு முன், தொழிலுறவு இலாகாவில் இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவார்கள். அந்த அறைக்குள் வழக்கறிஞர்களை விடமாட்டார்கள். நாங்கள் இல்லாவிட்டால் மனிதர்கள் சமாதானமாகிவிடுவார்கள் என்று சட்டம் நம்புகிறது. ஆகவே டத்தோவும் முதல்வரும் உள்ளே போவதற்குக் காத்திருக்க, நான் நடைவழியின் மறுகோடியில் உட்கார்ந்தேன். பதினோரு நாற்காலிகள், ஒரு மின்விசிறி, அதுவும் என் பக்கம் திரும்பாத மின்விசிறி.

நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் வந்தார். "அங்கிள், இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து, "கறிபாப் சாப்பிடுறீங்களா? ரெண்டு வாங்கிட்டேன்," என்றார். முழங்கால் வலியோடு காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தேன். வாங்கிச் சாப்பிட்டேன். மாவுக்குள் மடித்த உருளைக்கிழங்கு நன்றாக வெந்திருந்தது.

"நீங்களும் கேஸா, அங்கிள்? உங்களையும் தூக்கிட்டாங்களா?"

"இல்லம்மா. நான் லாயர்."

"எந்தக் கேஸுக்கு?"

சொன்னேன். அவர் என் கையிலிருந்த கறிபாப்பின் மிச்சத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பரவால்ல, சாப்பிடுங்க. உள்ள போனதக் கேஸ் போட்டா வெளிய எடுக்க முடியும்?" என்று சொல்லி எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். எதிர்க்கட்சியின் கறிபாப்பைத் தின்றுவிட்டு எதிர்க்கட்சிக்கு எதிராக வாதாடுவது பற்றி எங்கள் ஒழுக்க விதிகளில் ஒன்றுமில்லை. அன்று மாலை தேடிப் பார்த்தேன்.

சமரசம் ஆகவில்லை. இந்த வழக்குகளில் எல்லோருமே மனுவில் 'மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும்' என்றுதான் எழுதுவார்கள். படிவம் அப்படி. யாரும் அதை மனதோடு கேட்பதில்லை. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, பழைய முதலாளியின் முகத்தில் இனி விழிக்காத நிம்மதியோடு போய்விடுவார்கள். இந்த அம்மாள் படிவத்தை அப்படியே நம்பிவிட்டார். டத்தோ ஒரு தொகை சொன்னதும், "எனக்குக் காசு வேணாம், டத்தோ. நான் வேலய விட்டேன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதத் திருப்பி எடுத்துக்குங்க. என் டைம்டேபிளக் குடுங்க, போதும்," என்றாராம். டத்தோ வெளியே வந்து, "இந்தப் பொம்பளைக்கு என்ன வேணும்னே புரியல, சார்," என்றார். அம்மாள் நேராகச் சொல்லிவிட்டதால் வந்த குழப்பம் அது.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவர் மறுபயிற்சி கொடுக்க நினைத்த பிள்ளைகள் அவர் இல்லாமலே பரீட்சை எழுதிப் போய்விட்டார்கள். அம்மாள் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு, மாலையில் வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தார். முதல் நாளையும் சேர்த்து இதற்குள் டத்தோவும் முதல்வரும் நான்கு முறை எங்கள் அலுவலகம் வந்தார்கள். நான்கு டின் பிஸ்கட். கட்சிக்காரர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். டத்தோ பட்டம் எப்போது கிடைத்தது, மகன் எந்த ஊரில் படித்தார், டயர் கடைக்காரர் வாடகையை எப்படி இழுத்தடிக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். வழக்குக்கு வேண்டியது மட்டும் தெரியாது.

தொழிலியல் நீதிமன்றத்தில் நீதிபதி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பேச்சு மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி நடந்தது. வேலைநீக்கமே நடக்கவில்லை என்று நாங்கள் சொல்வதால் அம்மாள்தான் முதலில் சாட்சி சொல்ல வேண்டும். நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். பின்னால் டத்தோ தொண்டையைக் கனைத்தார். அந்தச் சொல்லைக் கேளுங்கள் என்று அர்த்தம். எங்கள் கையில் அது ஒன்றுதான் இருந்தது.

"முதல்வர் அறையில் நீங்கள் கடைசியாகச் சொன்னது என்ன?"

"'வரேன் சார்'."

நீதிபதி பேனாவை நிறுத்தினார். "அது என்ன மொழி? தமிழா? மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள்."

மொழிபெயர்ப்பாளர் வந்தார். கழுத்துப்பட்டை, தங்க முலாம் பூசிய பேனா, வானொலியில் மரணச் செய்தி வாசிப்பது போன்ற குரல். காலையிலிருந்து வேலை கிடைக்காமல் இருந்திருப்பார் போலும். ஒரே ஒரு சொல்லுக்காக உடையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"'வரேன்' என்றால் 'நான் வருகிறேன்', யாங் ஆரிஃப்."

இங்கே நீதிபதியை யாங் ஆரிஃப் என்றுதான் அழைக்க வேண்டும். அவர் எழுதிக்கொண்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவர் போய்விட்டார் என்பதுதானே உங்கள் கட்சி?"

"ஆமாம், யாங் ஆரிஃப்."

"வருகிறேன் என்று சொல்லிவிட்டா?"

"தமிழர் வழக்கில், யாங் ஆரிஃப், போகிறவர்கள் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள்."

"அப்படியா?" என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்.

"அப்படித்தான், யாங் ஆரிஃப். போகிறேன் என்று சொல்வது நல்லதில்லை."

"சரி. வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?"

"அவர்களும் வரேன் என்றுதான் சொல்வார்கள்."

நீதிபதியின் பேனா எழுதுவதா வேண்டாமா என்று தாளுக்கு மேலே நின்றது. "அப்படியென்றால், இனித் திரும்பி வரவே போவதில்லை என்கிறவர் தமிழில் என்ன சொல்வார்?"

மொழிபெயர்ப்பாளர் முதல் முறையாக யோசித்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "அப்படிப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை, யாங் ஆரிஃப்."

நான் உட்கார்ந்துவிட்டேன். வேறு கேள்வி இல்லை என்று சொல்லவேண்டிய முறையைக்கூடச் சொல்லவில்லை. உட்கார்ந்ததே போதுமானதாக இருந்தது.

அடுத்து எங்கள் சாட்சி, முதல்வர். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அதைத் தொட்டதும் அவருடைய முதுகு நிமிர்ந்தது. பொய் சொல்லத் தெரியாதவர்கள் சாட்சிக்கூண்டில் எங்களுக்கு மிகவும் ஆபத்தானவர்கள். நான் கேட்டவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு அம்மாளுடைய வழக்கறிஞர் எழுந்தார். கிள்ளானில் தொழில் செய்கிற பெண். குரல் உயர்த்தத் தெரியாதவர், பயப்பட ஒன்றுமில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

"அவர் 'வரேன் சார்' என்றதும், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?"

நான்கு டின் பிஸ்கட் காலியான அத்தனை சந்திப்புகளிலும் இதை நான் கேட்கவில்லை. முதல்வர் டத்தோவைப் பார்த்தார். டத்தோ கண்ணாலேயே ஏதோ சொன்னார். முதல்வர் பைபிள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'வாங்க'ன்னு சொன்னேன்."

மொழிபெயர்ப்பாளர் யாரும் கேட்காமலே எழுந்தார். "'தயவுசெய்து வாருங்கள்', யாங் ஆரிஃப்."

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "ஆட்சேபிக்கிறேன். தயவுசெய்து என்பது சாட்சி சொன்னதில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் சேர்க்கிறார்."

"இல்லையா?" என்றார் நீதிபதி.

"இருக்கிறது, யாங் ஆரிஃப்," என்றார் மொழிபெயர்ப்பாளர், மரணச் செய்தியின் நடுவே பெயரை வாசிப்பவரைப் போல. "'வா' என்றால் வெறும் வா. இவர் சொன்னது 'வாங்க'. மரியாதை அந்த 'ங்க'வில் இருக்கிறது."

நாற்பது வருடத் தொழிலில் நான் எத்தனையோ விதமாக வழக்குத் தோற்றிருக்கிறேன். சாட்சி பல்டியடித்து, கோப்பு தொலைந்து, என் குரல் கட்டிக்கொண்டு. ஒரு 'ங்க'வால் தோற்றது அன்றுதான்.

நீதிபதி தம் குறிப்பை மெதுவாக வாசித்தார். "பெண் சொன்னார்: நான் வருகிறேன். முதல்வர் சொன்னார்: தயவுசெய்து வாருங்கள். மறுநாள் காலை பெண் வந்தார். கதவு திறக்கவில்லை." கண்ணாடியைக் கழற்றினார். "சிறிது நேரம் ஒத்திவைக்கிறேன். இரு தரப்பும் பேசிக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்." நீதிபதிகள் நல்லது என்று சொன்னால் எங்கள் பக்கம் கெட்டது என்று பொருள்.

நடைவழிக்கு வந்ததும் டத்தோ முதல்வரின் மேல் பாய்ந்தார்.

"ஏன்யா 'வாங்க'ன்னு சொன்ன? நீதானே கிளம்புன்னு சொன்ன?"

"வாயில வந்துருச்சு, டத்தோ. வரேன்னு சொன்னா வேற என்ன சொல்றது?"

"'சரி'ன்னு சொல்லியிருக்கலாம்லா!"

"ஒரு மேடம் சொல்லிக்கிட்டுக் கிளம்புறாங்க. வெறும் 'சரி'யா, டத்தோ? எங்க வீட்ல அப்படி வளக்கல."

டத்தோ வீட்டிலும் அப்படி வளர்த்திருக்க மாட்டார்கள். என் பக்கம் திரும்பினார். "மேல கோர்ட்டுக்குப் போலாமா, சார்?"

"போலாம், டத்தோ. முதல்ல இங்க தீர்ப்பு வரட்டும். தீர்ப்ப வெளியிடுவாங்க. யார் வேணும்னாலும் நெட்ல படிக்கலாம்."

"படிக்கட்டும். எனக்கென்ன?"

"அதுல ஆந்தையும் இருக்கும்."

டத்தோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மற்ற கல்லூரிகளின் முதலாளிகள் கோல்ஃப் மைதானத்தில் அந்தத் தீர்ப்பைச் சத்தமாக வாசிப்பது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சட்டம், நியாயம், முன்தீர்ப்புகள் என்று ஒரு வருடமாக நான் எடுத்துச் சொன்னது எதுவும் செய்யாததைப் பஞ்சு ஆந்தை செய்தது.

அம்மாளும் அவருடைய வழக்கறிஞரும் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்கள். டத்தோ எழுந்து போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்றால், என் முழங்கால் அனுமதிக்கிற அளவுக்கு.

"ஏம்மா, நேராவே கேக்கறேன். இவ்வளவு நடந்துருச்சு. உங்களுக்கு ரோஷமே இல்லையா? திரும்பி எங்ககிட்டயேதான் வரணுமா?"

"நான் போனாத்தானே, டத்தோ, திரும்பி வர்றதுக்கு?"

"இப்ப வேல பாக்கற லோரி கம்பெனில சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. மரியாதையா நடத்துறாங்க. ஆனா லோரிக்கு டெபிட் கிரெடிட் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் வாத்தியார், டத்தோ. நான் பாதி செமஸ்டர்ல விட்டுட்டுப் போனவன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்கீங்க. அத மாத்துங்க."

"மன்னிப்புக் கேக்கணுமா?"

"வேணாம். டைம்டேபிள்."

டத்தோ என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இந்த நடைவழியில் அது என் பக்கமும் திரும்பியது. "ஆந்தைக்கு யாரப் போடுறது?" என்று டத்தோ கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அம்மாள் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தம் பேனாக்களைப் பார்த்தார்.

அரை மணியில் எழுதிக் கையெழுத்தாயிற்று. அம்மாள் வேலையை விடவில்லை. இடையில் ஒரு நாளும் விட்டதாகக் கொள்ளக்கூடாது. அடுத்த செமஸ்டரில் முதல் வகுப்பு அவருடையது. நீதிபதி அதைப் பதிவுசெய்து முடித்ததும், மொழிபெயர்ப்பாளர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "'ங்க' பத்தி நீங்க வாதாடியிருக்கலாம், சார். பேச்சு வழக்குன்னு சொல்லியிருக்கலாம்," என்று ஆலோசனை சொன்னார். எல்லோரும் எனக்கு ஆலோசகர்கள்.

டத்தோ அத்தோடு விடவில்லை. ஒரு வாரம் கழித்து ஐந்தாவது டின்னோடு வந்து, இனி இப்படி நடக்காதிருக்க ஒரு விதி எழுதித்தரச் சொன்னார். கல்லூரி ஊழியர்கள் மேலதிகாரியின் அறையை விட்டு வெளியேறும்போது பயன்படுத்தக்கூடிய, பயன்படுத்தக் கூடாத சொற்கள். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆகவே எழுதினேன். 'வெளியேறும் நோக்கத்தையோ திரும்பும் நோக்கத்தையோ குறிக்காத நடுநிலைச் சொற்களையே பயன்படுத்த வேண்டும்.' அப்படிப்பட்ட சொல் தமிழில் இல்லை என்பதை அதில் குறிப்பிடவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

அந்த விதியை ஊழியர்களுக்கு விளக்க என்னையே கிள்ளானுக்கு வரச்சொன்னார்கள். கொமுட்டர் ரயிலில் போனேன், உட்கார இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது மாடி வகுப்பறையில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாமான் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஆந்தை உடை சுவரைப் பார்த்தபடி மாட்டியிருந்தது. முதல்வர் ஒரு சனிக்கிழமை அதற்குள் நின்றாராம். முதலில் வந்த மீன்காரம்மா, "ஐயோ, இத காலைலயேவா காட்டுவீங்க?" என்று கத்தியதில் அந்தத் திட்டம் முடிந்தது. இதைச் சொன்னவர் முதல்வரேதான், சந்தோஷமாக.

நான் விதியை வாசித்தேன். எல்லோரும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. அம்மாள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் மணி அடித்ததும் எழுந்து, முதல்வரைப் பார்த்து, "கிளாஸ் இருக்கு சார்," என்றார். பிறகு வழக்கப்படி ஒரு சொல் வந்து நுனி நாக்கில் நிற்பதும், அவர் என் கையிலிருந்த தாளைப் பார்ப்பதும் தெரிந்தது. சொல்லைத் திருப்பி விழுங்கிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். முதல்வர் பதறிவிட்டார்.

"மேடம், மேடம்! சொல்லிட்டுப் போங்க மேடம்!"

"ரூல்ஸ், சார்."

"ரூல்ஸ் கிடக்குது. சொல்லுங்க."

"வரேன் சார்."

"வாங்க."

பதினாறு பேரும் கைதட்டினார்கள். என் விதி அமலில் இருந்த காலம் மொத்தம் அவ்வளவுதான்.

முடித்துவிட்டுக் கிளம்பினேன். முதல்வர் கீழே டத்தோவோடு தொலைபேசியில் இருந்தார். மற்றவர்கள் கலைந்துவிட்டார்கள், சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. படி இறங்கத் தொடங்கியவன் பாதியில் நின்றேன். சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்களைப் பற்றி அந்த மொழிபெயர்ப்பாளர் மரணச் செய்திக் குரலில் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. என் வயதில் இப்படிப்பட்ட விஷயங்களில் அலட்சியம் கூடாது. முழங்காலைத் திட்டிக்கொண்டே திரும்ப ஏறினேன்.

அம்மாளுடைய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பலகையில் இரண்டு பத்தி போட்டு, கீழே டயர் கழற்றும் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் என்னைக் கண்டதும் நிறுத்தினார். பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள். இருபத்து மூன்று பேர், இரண்டு பேர் தூக்கத்தில்.

"வரேம்மா," என்றேன்.

"வாங்க சார்," என்றார். "ஆனா கேஸோட வராதீங்க."

பலகையின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.